கம்பெனி போனில் இருந்த குரல்

அத்தியாயம் 14

பதினான்கு மாதமாக அந்தப் போன் தையல் யூனிட்டின் செக்கிங் டேபிள் ஓரத்தில் கிடந்தது. சார்ஜர் ஒயரை அதன் மேலேயே சுற்றி, நுனியைச் செருகி வைத்தபடி. தேவிப்பிரியா மகள் மைதிலியையும் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு கொமரலிங்கத்துக்குப் பஸ் ஏறிய அன்று வைத்துவிட்டுப் போனது.

அவள் புருஷன் பிரபாகர் அதிலிருந்த சிம்மை மட்டும் கழற்றி வேறு போனில் போட்டுக்கொண்டான். ஆர்டர் வருகிற நம்பர் அது. போனைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிட்டான். டேபிள் துடைக்கிற பெண்கள் அதைத் தூக்கித் துடைத்துவிட்டு வைத்தார்கள். பீஸ் கட்டு அதன் மேல் ஏறியது, இறங்கியது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

இன்று காலை அந்தப் போன் அவன் சட்டைப் பையில் இருந்தது. வண்டியில் பின்னால் அவன் அம்மா சுப்பாத்தாள் ஒருபக்கமாக உட்கார்ந்து, அவன் தோளைப் பிடிக்காமல் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். மங்கலம் ரோட்டிலிருந்து கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கிற பவர் டேபிள்காரன் பிரபாகர். வயது முப்பத்தொன்பது. அவன் மேல் இப்போது இரண்டு கேஸ். ஒன்று குடும்பநல கோர்ட்டில், கொடுமை தாங்காமல் விவாகரத்து வேண்டும் என்று தேவிப்பிரியா போட்டது. இன்னொன்று மகளிர் ஸ்டேஷனில் எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு வந்து நிற்பது. பழைய சட்டத்தில் 498ஏ, புதுச் சட்டத்தில் 85. கட்டிங் டேபிளில் கிடக்கிற ஸ்டீல் ஸ்கேலால் அடித்தார் என்று இரண்டிலும் எழுதியிருந்தது. ஸ்டேஷன் கேஸில் முதல் எதிரி அவன். இரண்டாம் எதிரி சுப்பாத்தாள்.

அவன் அடித்ததில்லை.

அந்த ஒன்றைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. அப்பன் அம்மாவை மாட்டுக் கயிற்றால் அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவன். கல்யாணத்தன்று தாலி கட்டும்போது அவன் மனதுக்குள் சொல்லிக்கொண்டது ஒரே ஒரு விஷயம்தான், கை நீட்டக் கூடாது. பதினோரு வருஷம் நீட்டவில்லை. ஊரில் பாதிப்பேரால் சொல்ல முடியாததைத் தன்னால் சொல்ல முடியும் என்று ஒரு நிமிர்வு அவனுக்கு இருந்தது. அந்த இடத்தில்தான் ஸ்கேலை வைத்து எழுதிவிட்டார்கள்.

போன மாதம் வக்கீல் அந்தோணிராஜ் கூப்பிட்டு, "உங்க கம்பெனி போன்ல கால் எல்லாம் ரெக்கார்டு ஆகும்னு ஒரு தடவை சொன்னீங்கள்ல. அது இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் கொடுக்கிற மெர்ச்சண்டைசர் ஒருவன் போனில் நேவி கலர் என்று சொல்லிவிட்டு, பீஸ் தைத்து முடித்த பிறகு பிளாக் என்றுதானே சொன்னேன் என்று சாதித்தான். நாலாயிரம் பீஸ் தலையில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் கம்பெனி போனில் வருகிற கால், போகிற கால் எல்லாம் தானாகப் பதிவாகிற மாதிரி செட்டிங் போட்டார்கள். போட்டது தேவிப்பிரியா. கம்பெனி போனைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். மாடியில் வீடு, கீழே யூனிட். ஆர்டர்காரனிடம் பேசியதும் அந்தப் போனில்தான், அக்காவிடம் பேசியதும் அந்தப் போனில்தான். வேறு போன் அவளிடம் இல்லை.

"இப்ப சுப்ரீம் கோர்ட்டே சொல்லியாச்சுங்க," என்றார் அந்தோணிராஜ். "புருஷன் பொண்டாட்டி கேஸ்ல, தெரியாமப் பதிஞ்ச பேச்சா இருந்தாலும் சாட்சியா எடுத்துக்கலாம்னு. முன்னெல்லாம் அந்தரங்கம்னு சொல்லித் தூக்கிப் போட்டுருவாங்க. அந்தத் தீர்ப்பு ரெண்டு பேரும் அவங்களுக்குள்ள பேசிக்கிட்டதைப் பத்தினது. இதுல மூணாவது ஆள் இருந்தா வாதாடித்தான் பார்க்கணும். இருந்தாலும் கதவு திறந்திருக்கு. போனைக் கொண்டாங்க."

வக்கீலின் ஜூனியர் ஒரு வாரம் உட்கார்ந்து, அக்கா நம்பரில் பேசியதை மட்டும் கேட்டு, ஆயிரத்துச் சொச்சம் காலில் ஒன்றே ஒன்றைப் பொறுக்கி எடுத்தார். இருபத்திரண்டு நிமிஷம். தேவிப்பிரியா அவள் அக்காவிடம் பேசியது. அதை எழுத்தில் அடித்து, பென் டிரைவோடு இன்று தாக்கல் செய்ய வேண்டும்.

பிரபாகர் அதையும் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

கோர்ட்டுக்கு எதிரில் ஜோதிகாவின் டைப்பிங் கடை. ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஆள் நுழைந்தால் இன்னொரு ஆள் வெளியே நிற்கவேண்டிய இடம். விருதுநகர் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பத்துப் பெண்.

"ஆத்தா, நீங்க அந்த சேர்ல உக்காருங்க," என்று சுப்பாத்தாளுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டிவிட்டு, பிரபாகர் நீட்டிய கம்பெனி போனை வாங்கி ஹெட்போனை மாட்டினாள். "அண்ணே, நீங்க கேட்டுட்டீகளா இதை?"

"இல்லீங்க."

"ஒருக்கா கூடவா?"

"ஜூனியர் கேட்டாப்பலீங்க."

அவள் அடிக்க ஆரம்பித்தாள். பிரபாகர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு திரையைப் பார்த்தான். தன் பெண்டாட்டி பேசியதை அவன் முதன்முதலில் எழுத்தாகத்தான் பார்த்தான்.

தேவி: அடிக்கறதெல்லாம் இல்லக்கா. ஒரு நாளும் கை நீட்டுனதில்லை.

அக்கா: பொறகென்னடி.

தேவி: பேசறதில்ல.

அக்கா: பேசறதில்லைன்னா, சண்டையா?

தேவி: சண்டை போட்டாத்தான் தேவலையே. சோத்தைப் போட்டா உங்கறாரு, எந்திரிச்சுப் போறாரு. உப்பு இல்லீன்னாலும் உங்கறாரு. வேணும்னே ஒரு நாளு உப்பே போடாம வெச்சன். அதையும் உண்டுபோட்டுப் போயிட்டாரு.

ஜோதிகா திரும்பிப் பார்க்காமலே சிரித்துவிட்டாள். பிறகு சட்டென்று, "மன்னிச்சுக்கோங்கண்ணே," என்றாள்.

"பரவால்லீங்க. அடிங்க."

அந்த நாள் அவனுக்கு ஞாபகம் இல்லை. உப்பில்லாத சோறு தின்றது எந்த நாள் என்று யோசித்துப் பார்த்தான். எந்த நாளாகவும் இருக்கலாம் என்று தோன்றியது.

விரல்கள் ஓடின. வரிகள் ஏறிக்கொண்டே போயின.

தேவி: நேத்து உடுமலையில வக்கீலம்மாளப் பாத்தனக்கா. எல்லாத்தையும் சொன்னன். அதுக்கு அவிய, பேசாம இருக்கறதுக்கெல்லாம் தனியா செக்‌ஷன் இல்லம்மா, அடிச்சாருன்னு போட்டாத்தான் கேஸு நிக்கும்ங்கறாங்க.

அக்கா: போட்ரு. அந்த வக்கீலுக்குத் தெரியாததா.

ஜோதிகாவின் விரல் நின்றது. ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இங்க பேச்சு நின்னுபோச்சு. ரொம்ப நேரமா ஒண்ணும் இல்ல. அழுகுறாகளா என்னன்னு தெரியல. அழுகுறார்னு போடவா, சும்மா விட்ரவா?"

"கோர்ட்டுக்கு எது வேணுமோ அதைப் போடுங்க."

"கோர்ட்டுக்கு ரெண்டும் வேணாம்ணே. ஆனா நேரம் இடிக்கும்ல. நாப்பது செகண்டு எங்க போச்சு, வெட்டிட்டீகளான்னு எதிர் வக்கீல் கேப்பாரு."

யோசித்து அவளே அடித்தாள். அடைப்புக்குறிக்குள், நாற்பது வினாடி பேச்சு இல்லை, மெஷின் ஓடும் சத்தம் கேட்கிறது.

"என்ன மெஷின்ணே அது, ஓவர்லாக்கா?"

"ஓவர்லாக்குங்க."

"நெனச்சேன். ஆறு மாசம் செக்கிங்ல நின்னேன். கால் வீங்கித்தான் இங்க வந்து உக்காந்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு."

நாற்பது வினாடிக்குப் பிறகு ஒரே ஒரு வரி இருந்தது.

தேவி: அடிச்சாருன்னா எழுதறது?

முழுவதையும் அடித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. "நீங்க ஒருக்கா கேட்டு, சரியா இருக்குன்னு கையெழுத்துப் போடணும்ணே," என்று ஹெட்போனைக் கழற்றி நீட்டினாள்.

பிரபாகர் அதை வாங்கி மாட்டிக்கொண்டான். முதலில் கேட்டது மெஷின் சத்தம். அவனுடைய மெஷின்கள். எந்த மெஷினில் பெல்ட் தளர்ந்திருக்கிறது என்றுகூட அவனால் சொல்ல முடிந்தது. அதற்கு நடுவில் அவள் குரல். மாடிப்படியில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும். அவன் அப்போது கீழே, கட்டிங் டேபிளில் நின்றிருப்பான். இருபது படி தூரம்.

பதினான்காவது நிமிஷத்தில் தூரத்திலிருந்து ஓர் ஆண் குரல் கத்தியது. "தேவீ, போனை வெச்சுட்டு வந்து பீஸைப் பாரு." யார் இப்படிக் கத்துகிறான் என்று நினைத்து, பிறகுதான் தன் குரல் என்று தெரிந்துகொண்டான்.

பதிமூன்று வயதில் மடத்துக்குளத்திலிருந்து கைமடியாக வேலைக்கு வந்தவன் அவன். தைத்து விழுகிற பீஸை எடுத்து மடிக்கிற வேலை. மெஷின் சத்தத்தில் யாரும் வாய் திறந்து பேச மாட்டார்கள். இரண்டு விரலைக் காட்டினால் நூல் தீர்ந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் நிறுத்து. பிறகு டெய்லர் ஆனான், காண்ட்ராக்ட் எடுத்தான், சொந்தமாக மெஷின் போட்டான். இருபத்தாறு வருஷம் சத்தத்துக்குள் நின்றவனுக்கு, பேச்சு என்றால் கத்துவது, இல்லாவிட்டால் கை காட்டுவது. மாடி ஏறிப் போனாலும் அதே பழக்கம். தட்டைத் தள்ளினால் போதும் என்று அர்த்தம். அது அவளுக்குப் புரிகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தான். புரியத்தான் செய்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்பதும் புரிந்திருக்கிறது.

அவன் கையெழுத்துப் போடும்போது ஜோதிகா போனிலிருந்த லிஸ்டை மேலும் கீழும் தள்ளிக்கொண்டிருந்தாள், பென் டிரைவில் ஏற்றியது அந்த ஒரு ஃபைல்தானா என்று சரிபார்க்க.

"இதுல ஓனர்னு ஒரு நம்பருக்குத்தான் எக்கச்சக்கமா போயிருக்கு. எல்லாம் எட்டு செகண்டு, ஒம்போது செகண்டு. பேசுறதுக்குள்ள வெச்சுருவாராக்கும். யாருண்ணே அந்த ஓனரு?"

"நாந்தானுங்க."

ஜோதிகா போனைத் திருப்பிக் கொடுத்தாள். பென் டிரைவை ஒரு சின்னக் கவரில் போட்டு, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தாள்.

வெளியே வந்ததும் சுப்பாத்தாள் எழுந்தாள். "ஆச்சா சாமி?"

"ஆச்சும்மா." கவரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். "இதைக் குடுக்கோணுமாம்மா?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அறுபத்தாறு வயது. களை வெட்டி, மாடு மேய்த்து, புருஷனிடம் அடி வாங்கி, அவன் செத்த பிறகு தனியாக மடத்துக்குளத்தில் இரண்டு எருமையோடு இருந்தவள். மருமகள் போன பிறகுதான் மகனுக்குச் சோறாக்க வந்தாள்.

"நாலு தடவை ஸ்டேஷனுக்குப் போயிட்டன். என்ற பேத்தி வயசுப் புள்ள போலீஸு உடுப்புப் போட்டுட்டு, ஏம்மா மருமகளுக்குச் சோறு போடலையான்னு கேக்கறா. நான் அங்க எருமைக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தன், இங்க யாருக்குங்கண்ணு சோறு போடாம இருந்தன்? போறதுக்கு முன்னால என்ற கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா அவ? குடு. இருக்கறதைத்தான குடுக்கற."

கோர்ட்டுப் படியில் அந்தோணிராஜ் அடித்த தாளைப் புரட்டிப் பார்த்தார். சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி முகம் நிறைந்திருந்தது.

"முதல் வரிதாங்க நமக்கு. ஒரு நாளும் கை நீட்டுனதில்லை. இது போதும். ஸ்டேஷன் கேஸும் ஆடிப்போயிரும். உங்கம்மா பேரும் வெளியே வந்துரும். வேணும்னா பொய்ப் பிரமாணம்னு அந்தம்மா மேல தனியா மனு போடலாம். மகளை வாராவாரம் பார்க்கிறதுக்கும் பேசலாம்."

"முதல் வரியை மட்டும் குடுத்துட்டு, மீதியை எடுத்துர முடியாதுங்களா?"

"வெட்டக் கூடாதுங்க. முழு ஃபைலுக்கு ஒரு நம்பர் எடுத்துச் சான்றிதழ்ல போட்டிருக்கு. ஒரு செகண்டு வெட்டினாலும் அந்த நம்பர் மாறிப்போகும், மொத்தமும் செல்லாது. ஏன், மீதியில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க."

அந்தோணிராஜ் கண்ணாடியைத் தூக்கி அவனைப் பார்த்தார். "பேசாம இருந்ததைப் பத்திச் சொல்றீங்களா? அதுக்காக யாரும் ஜெயில்ல போட மாட்டாங்க. உள்ளதைச் சொன்னா, அதையும் மனரீதியான கொடுமைன்னு வாதாடலாம், நிறையத் தீர்ப்பு இருக்கு. அந்த வக்கீலம்மா அந்த வழியில போயிருந்தா நமக்குத்தான் கஷ்டம். ஸ்கேலைத் தூக்கினாங்க பாருங்க, அங்க மாட்டிக்கிட்டாங்க. கொண்டாங்க இப்படி."

கை நீட்டினார். பிரபாகர் கவரைக் கொடுத்தான்.

கொடுக்காமல் இருந்திருக்கலாம். பின்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அடித்தவன் என்ற பேர் அவன் தலையில் இருந்தது. அவன் கொடுத்துவிட்டான்.

குடும்பநல கோர்ட்டில் அவர்கள் கேஸ் கூப்பிட பன்னிரண்டு மணி ஆனது. தேவிப்பிரியா எதிர்ப்பக்கம் நின்றாள். உடுமலைப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டிருந்தான். கழுத்து எலும்பு தெரிந்தது. கோர்ட்டுக்கென்று ஒரு நல்ல சேலை வைத்திருந்தாள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதேதான். அவனைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அதுவும் அப்படித்தான்.

மனுவைப் பார்த்ததும் அவள் பக்கத்து வக்கீலம்மா எழுந்தாள். கூடப்பிறந்த அக்காவிடம் ஒரு பெண் அந்தரங்கமாகப் பேசியது, இது உளவு பார்த்த மாதிரி என்றாள். அந்தோணிராஜ் தீர்ப்பை எடுத்துக் காட்டினார். நீதிபதி இரண்டையும் கேட்டுவிட்டு, சாட்சியாக ஏற்பதா இல்லையா என்பதை இரு தரப்பு வாதத்துக்குப் பிறகு சொல்கிறேன், நகலை எதிர்த்தரப்புக்குக் கொடுங்கள், ஆட்சேபணைக்கு இரண்டு வாரம் என்றார். மொத்தம் நாலு நிமிஷம். அடுத்த கேஸைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அடித்த தாளின் நகலை வக்கீலம்மா தேவிப்பிரியாவின் கையில் கொடுத்துவிட்டு வேறு கோர்ட்டுக்கு ஓடினாள். தேவிப்பிரியா வராந்தாச் சுவரில் சாய்ந்து நின்று படித்தாள். பிரபாகர் பத்தடி தள்ளி நின்றான். போகவும் தோன்றவில்லை, கிட்டே போகவும் தெரியவில்லை. அவள் ஒரு தாளைத் திருப்பினாள், இன்னொன்றைத் திருப்பினாள். ஓரிடத்தில் வெகுநேரம் நின்றாள். நாற்பது வினாடி எழுதியிருந்த இடமாக இருக்கும்.

படித்து முடித்து அவளே வந்தாள். பதினான்கு மாதத்தில் முதல் தடவை.

"எத்தனை கேட்டீங்க?"

அவனுக்குப் புரியவில்லை.

"போன்ல இருக்கறதுல எத்தனை கேட்டீங்கன்னு கேக்கறன்."

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"வக்கீலு குடுத்தது. இன்னிக்கு வெடியாலதான் கேட்டன்."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். கோபப்பட்ட மாதிரி இல்லை. கணக்குப் பாடத்தில் விடை வந்துவிட்ட பிள்ளை மாதிரி இருந்தது.

"பொறகு என்னத்துக்குங்க நான் அந்தப் போனை டேபிள் மேல வெச்சுட்டு வந்தன்?"

"மறந்துட்டுப் போயிட்டீன்னு நெனச்சன்."

"சார்ஜர் ஒயரைச் சுத்தி, நுனியைச் செருகி வெச்சுட்டு, மறந்துட்டுப் போவாங்களா?"

பிரபாகர் வாயைத் திறந்தான். அவன் வலது கை தானாக இடுப்பு உயரத்துக்கு எழுந்து, உள்ளங்கை கவிழ்ந்தது. நிறுத்து என்பதற்கு மெஷின் முன்னால் காட்டுகிற கை. அதைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்துவிட்டுப் போனது.

"நேருல சொன்னாத்தான் காதுல உழுகறதில்ல. நான் போன பொறகாவது, ஊடு சும்மா கெடக்கறப்ப, எடுத்துக் கேப்பீங்கன்னு நெனச்சன். ஒரு மாசம் பாத்தன். ரெண்டு மாசம் பாத்தன். மூணாவது மாசந்தானுங்க அந்த வக்கீலம்மா எழுதுனதுல கையெழுத்துப் போட்டன்." தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "கோர்ட்டு சொன்ன பொறகு கேட்டிருக்கீங்க. அதுவும் ஒண்ணு."

"மைதிலி எப்படி இருக்கறா?"

"இருக்கறா." புறப்பட்டவள் நின்றாள். "பொய் எழுதுனது தப்புத்தான். அதை ஜட்ஜுகிட்ட நானே சொல்லிக்கறன். நீங்க அந்தக் கடைசிக் காலை மட்டும் கேளுங்க. நான் போன அன்னிக்கு வெடியால வந்தது."

"யாரு பண்ணுனது?"

அவள் அவன் தோளுக்கு மேலே பார்த்தாள். அவன் திரும்பினான். வராந்தாவின் கோடியில், பெஞ்சில் இடம் இருந்தும் உட்காராமல், சுப்பாத்தாள் இவர்கள் இருவரையும் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவன் மறுபடி இந்தப் பக்கம் திரும்பியபோது தேவிப்பிரியா படி இறங்கியிருந்தாள்.

வண்டி நிறுத்துகிற இடத்தில் வேப்ப மரத்தடியில் வெயில் கட்டம் கட்டமாக விழுந்துகிடந்தது. பிரபாகர் சாவியைப் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து கம்பெனி போனை எடுத்தான்.

"ஊட்டுக்குப் போலாம் சாமி," என்றாள் சுப்பாத்தாள். "வெயில் ஏறுது."

"ஒரு நிமிசம்மா."

"அதையெல்லாம் இப்ப என்னத்துக்குக் கேட்டுட்டு. வக்கீலு பாத்துக்குவாரு."

"எதைக் கேக்கப் போறன்னு நான் இன்னும் சொல்லவே இல்லியேம்மா."

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வண்டி சீட்டின் மேல் கையை வைத்து நின்றாள்.

லிஸ்டின் கடைசிக்குப் போனான். கால் வந்த நேரம் காலை ஆறு பன்னிரண்டு. பத்தொன்பது நிமிஷம். வந்த நம்பரின் பெயர், அத்தை.

போறதுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொன்னாளா என்று இந்தப் பதினான்கு மாதமும் கேட்டவள் அவள். ஸ்டேஷனில் கேட்டாள், ஒறம்பரை வந்த சொந்தக்காரர்களிடம் கேட்டாள், இன்று காலை டைப்பிங் கடை வாசலிலும் கேட்டாள்.

பிரபாகர் தொட்டான். ஹெட்போன் இல்லை. சத்தம் வெளியேதான் வந்தது.

மெஷின் சத்தம் இல்லாத கால் அது. விடிகாலை, யூனிட் திறப்பதற்கு முன்னால். முதலில் ஓர் எருமை கத்தியது. பிறகு அவன் அம்மாவின் குரல், இங்கே பக்கத்தில் நிற்பவளின் அதே குரல், போனுக்குள்ளிருந்து வந்தது.

"நேத்து ராத்திரி நீ சொன்னதையே நெனச்சுட்டுக் கெடந்தன் கண்ணு. தூக்கமே இல்ல. நீ போயிரு. அவன் அவியப்பன மாதிரிக் கை நீட்ட மாட்டான், அது எனக்குத் தெரியும். ஆனா பேசவும் மாட்டான். அடிச்சவங்கூடவே நான் முப்பது வருசம் இருந்தன். ஒருத்தி வந்து போயிருன்னு சொல்ல மாட்டாளான்னு இருந்தன். யாரும் சொல்லல. அதனால நான் சொல்றன். புள்ளையக் கூட்டிட்டுப் போயிரு."

பிரபாகர் போனை நிறுத்தினான். நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தான்.

சுப்பாத்தாள் அவனைப் பார்க்கவில்லை. கோர்ட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தேவிப்பிரியா பஸ்ஸுக்காக ரோட்டைத் தாண்ட, வண்டிகள் இடம் விடுவதற்காகக் காத்து நின்றாள்.

"போகத்தான் சாமி சொன்னன்," என்றாள் சுப்பாத்தாள். "என்ற பேரையும் சேத்தி எழுதச் சொன்னனா?"

என்ன சொல்வது என்று தெரியாதபோது எப்போதும் செய்கிற மாதிரி, குனிந்து கையிலிருப்பதைப் பார்த்தான்.

போனில் இன்னும் பதினெட்டு நிமிஷம் மிச்சமிருந்தது.